அந்த 40 விநாடிகளும் ஒரு 'விதி'யும்: 17 வயது ஜாங் ஜிஜே விட்டுச்சென்ற கேள்வி

அந்த வீடியோவை நீங்கள் பார்த்திருக்கலாம். இதுவரை பார்க்கவில்லை என்றால், தயவுசெய்து தேடிப் போய்ப் பார்க்க வேண்டாம். ஒரு பிள்ளையின் கடைசி நிமிடங்களை வாட்ஸ்அப்பில் ஃபார்வர்டு செய்து பார்ப்பதில் நமக்குக் கிடைக்கப்போவது எதுவுமில்லை. அதில் என்ன நடந்தது என்று மட்டும் சொல்கிறேன். அது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

2024 ஜூன் 30, ஞாயிற்றுக்கிழமை மாலை. இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா நகரில் ஆசிய ஜூனியர் பேட்மின்டன் போட்டி. கலப்பு அணிகளுக்கான பிரிவில் சீனாவும் ஜப்பானும் மோதுகின்றன. சீனாவுக்காக ஆடியவர் ஜாங் ஜிஜே, வயது 17. வலைக்கு அந்தப் பக்கம் ஜப்பானின் கசுமா கவானோ. முதல் செட், ஸ்கோர் 11-11. இரண்டு பாயின்டுகளுக்கு இடையிலான சின்ன இடைவெளியில், யாரும் தொடாமல், எதன் மீதும் மோதாமல், ஜாங் அப்படியே சரிந்து விழுகிறார். எழ முயல்கிறார். மறுபடி விழுகிறார். உடல் துடிக்கிறது.

கோர்ட்டைச் சுற்றி ஆட்கள் இருக்கிறார்கள். உயர்ந்த நாற்காலியில் அம்பயர் இருக்கிறார். அரங்கத்தில் மருத்துவக் குழுவும் இருக்கிறது. ஒருவர் அவரை நோக்கி ஓடிவந்து, சட்டென நின்று, உத்தரவு வருமா என்பதுபோல நடுவர்கள் பக்கம் பார்ப்பது காட்சியில் தெரிகிறது. மருத்துவ உதவி அந்தப் பையனை அடைய ஏறக்குறைய 40 விநாடிகள் ஆகின்றன. பிறகு முதலுதவி, ஆம்புலன்ஸ், மருத்துவமனை. அன்றிரவு உள்ளூர் நேரப்படி 11.20 மணிக்கு ஜாங் இறந்ததாக அறிவித்தார்கள். இதயத் துடிப்பு திடீரென நின்றுபோனதுதான் காரணம் என்றார்கள்.

மழலையர் பள்ளி வயதிலேயே மட்டையைப் பிடித்த பிள்ளை. முந்தைய ஆண்டுதான் சீனாவின் தேசிய இளையோர் அணிக்குள் நுழைந்திருந்தார். நம் ஊரில் விடியற்காலை ஐந்து மணிக்குப் பிள்ளையை ஸ்கூட்டியில் உட்காரவைத்துக் கோச்சிங்குக்குக் கூட்டிப்போகிற அம்மாக்களுக்கும் அப்பாக்களுக்கும் அந்த வருடங்களின் கணக்கு தெரியும். எத்தனை காலை, எத்தனை ஷூ, எத்தனை ஷட்டில் டப்பா! அவ்வளவும் 11-11 என்ற ஸ்கோரில் நின்றுபோனது.

அந்த வாரம் உலகம் முழுக்க பேட்மின்டன் ஆடுபவர்கள் அழுதார்கள். நம் பி.வி.சிந்துவும் மனமுடைந்து எழுதினார். சீனாவின் சமூக வலைதளங்களில் மக்கள் திரும்பத் திரும்பக் கேட்டது ஒரே கேள்விதான்... விதி பெரிதா, உயிர் பெரிதா?

எந்த விதி?

தமிழில் 'விதி' என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தங்கள் உண்டு. ஒன்று, தலையெழுத்து. இன்னொன்று, மனிதர்கள் உட்கார்ந்து எழுதிய சட்டம். ஒரு சாவு வீட்டில் 'எல்லாம் விதி' என்று சொல்லும்போது முதல் அர்த்தத்தில் சொல்கிறோம். அது ஆறுதலுக்காகச் சொல்வது, அதில் தப்பில்லை. ஆனால், ஜாங் விஷயத்தில் பேசவேண்டியது இரண்டாவது விதியைப் பற்றி.

அப்போதைய விதிப்படி, சர்வதேச பேட்மின்டன் போட்டிகளில் மருத்துவர் தன் இஷ்டத்துக்குக் கோர்ட்டுக்குள் நுழைய முடியாது. போட்டியின் ரெஃப்ரி அழைத்தால்தான் வர வேண்டும் என்றிருந்தது. இந்தோனேசிய பேட்மின்டன் சங்கமும் இதைத்தான் சொன்னது... மருத்துவக் குழு நடைமுறைப்படியே நடந்துகொண்டது என்று. உலக பேட்மின்டன் கூட்டமைப்போ, அறிக்கைகள் வந்தபின், மருத்துவ நடைமுறைகள் சரியாகப் பின்பற்றப்பட்டனவா என்று பார்ப்போம் என்றது.

இப்படி ஒரு விதி இருப்பதில் நியாயமே இல்லையா? இருக்கிறது. தசைப்பிடிப்பு, கொப்புளம் என்று சொல்லிச் சொல்லி ஆட்டத்தை நிறுத்தி மூச்சு வாங்கிக்கொள்வது எந்த விளையாட்டிலும் நடக்கக்கூடியதுதான். எதிராளியின் வேகத்தை உடைக்க அது ஒரு தந்திரம். அதைத் தடுக்கக் கட்டுப்பாடு தேவை. சிக்கல் எங்கே வருகிறது என்றால், கணுக்கால் சுளுக்குக்கும் இதயம் நின்றுபோவதற்கும் ஒரே வாசல், ஒரே அனுமதிச்சீட்டு என்று வைத்திருக்கும்போது.

ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். அந்த 40 விநாடிகள் வீணாகாமல் இருந்திருந்தால் ஜாங் பிழைத்திருப்பார் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. அங்கிருந்தவர்கள் யாரும் கல்நெஞ்சக்காரர்கள் அல்ல. 'அனுமதியில்லாமல் உள்ளே போகக் கூடாது' என்று பழக்கப்படுத்தப்பட்டவர்கள், அவ்வளவுதான். பயமே அதுதான். நல்ல மனிதர்களையும் நிற்கவைத்துவிடுகிறது அந்தப் பழக்கம்.

பதினான்கு நாள் முன்பு...

ஜாங் இறப்பதற்குச் சரியாகப் பதினான்கு நாள் முன்பு, 2024 ஜூன் 16 அன்று, ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் ஐரோப்பியக் கோப்பைக் கால்பந்துப் போட்டி ஒன்று நடந்தது. ஸ்லோவேனியாவுக்கு எதிராக டென்மார்க்கின் கிறிஸ்டியன் எரிக்சன் ஒரு கோல் அடித்தார். சாதாரண கோல் இல்லை அது. ஏனென்றால், இதே கோப்பையின் முந்தைய தொடரில், 2021 ஜூன் 12 அன்று, கோபன்ஹேகன் மைதானத்தில் அந்த மனிதரின் இதயம் நின்றுபோயிருந்தது.

அன்றைக்கும் யாரும் அவர் மீது மோதவில்லை. த்ரோ வாங்க வந்தவர் முகம் குப்புற விழுந்தார். என்ன வித்தியாசம்? ரெஃப்ரி ஆன்டனி டெய்லர் உடனே ஆட்டத்தை நிறுத்தி மருத்துவக் குழுவைக் கைகாட்டி அழைத்தார். அணித் தலைவர் சிமோன் கேயர் ஓடிவந்து எரிக்சனைக் கவனித்தார். மருத்துவர்கள் நெஞ்சை அழுத்தத் தொடங்கினார்கள். கையோடு கொண்டுவந்த கருவியால் ஒரே ஒரு மின் அதிர்ச்சி. இதயம் மறுபடி துடித்தது. சக வீரர்கள் சுவர்போல வட்டமாக நின்று, கேமராக்களிடமிருந்து அவரை மறைத்தார்கள். எட்டே மாதத்தில், நெஞ்சுக்குள் பொருத்திய சிறு கருவியோடு, மறுபடி ஆட வந்துவிட்டார்.

இரண்டு பேருக்கும் வந்த நோய் ஒன்றா, வேறா என்பது எனக்கு முக்கியமாகப் படவில்லை. ஒரு மைதானத்தில் 'ஓடு' என்பது பழக்கமாக இருந்தது. இன்னொரு அரங்கத்தில் 'நில்' என்பது பழக்கமாக இருந்தது. அதுதான் வித்தியாசம்.

'முன்னாடியே செக் பண்ணியிருக்கலாமே?'

இப்படி ஒரு செய்தி வந்ததும் நம் வீட்டில் முதலில் வரும் கேள்வி இது. 'ஒரு ஈசிஜி எடுத்திருந்தா தெரிஞ்சிருக்குமே!'

ஓரளவுக்கு உண்மைதான். இளம் வயதில் இதயம் திடீரென நின்றுபோவதற்குப் பின்னால், பெரும்பாலும் பிறவியிலேயே வந்த ஏதாவது கோளாறு ஒளிந்திருக்கும். இதயத் தசை அளவுக்கு மீறித் தடித்திருக்கலாம். இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் தவறான இடத்தில் முளைத்திருக்கலாம். துடிப்பை இயக்கும் மின்னோட்டத்தில் பிசகு இருக்கலாம். சில நேரம், காய்ச்சலோடு வந்த வைரஸ் இதயத் தசையில் அழற்சியை உண்டாக்கியிருக்கலாம். இவற்றில் சில ஈசிஜியில் மாட்டும்.

இத்தாலி 1982-லேயே, போட்டிகளில் ஆடும் எல்லோருக்கும் இதயப் பரிசோதனை கட்டாயம் என்று சட்டம் போட்டது. அந்நாட்டின் வெனெட்டோ பகுதியில், ஒரு லட்சம் இளம் வீரர்களுக்கு ஆண்டுக்கு 3.6 என்றிருந்த திடீர் மரணம், 2004 வாக்கில் 0.4 ஆகக் குறைந்தது என்று ஓர் ஆய்வு சொன்னது. பெரிய விஷயம்! (இந்த வருடக் கணக்கை இன்னொரு காரணத்துக்காகவும் நினைவில் வையுங்கள். இப்படி எந்த மரணம் நடந்தாலும், 'எல்லாம் கொரோனா தடுப்பூசியால வந்தது' என்று ஒரு ஃபார்வர்டு வருமே... கொரோனாவுக்குக் கிட்டத்தட்ட நாற்பது ஆண்டுகள் முன்பே ஒரு நாடு இதற்குச் சட்டம் போடவேண்டியிருந்தது.)

ஆனால், கதை அங்கே முடியவில்லை. இஸ்ரேலும் 1997-ல் இதேபோல ஈசிஜியைக் கட்டாயமாக்கியது. அங்கே மரணங்கள் குறைந்ததாகத் தெரியவில்லை. இங்கிலாந்தில் கால்பந்துச் சங்கம், 1996 முதல் 2016 வரை, 11,168 பதின்ம வயது வீரர்களுக்கு ஈசிஜி, எக்கோ இரண்டும் எடுத்தது. 42 பேரிடம் ஆபத்தான கோளாறுகளைக் கண்டுபிடித்தார்கள். அவர்களில் பலரின் உயிர் அதனால் காக்கப்பட்டிருக்கலாம். ஆனால், அதே கூட்டத்தில் பின்னர் இதயக் கோளாறால் திடீரென இறந்தவர்கள் 8 பேர். அதில் 6 பேருக்குப் பரிசோதனை முடிவு 'நார்மல்'!

எரிக்சனுக்கும் அப்படித்தான். லண்டனின் டாட்டன்ஹாம் கிளப்பில் ஆடிய காலம் முழுக்க ஆண்டுதோறும் அவர் இதயத்தைப் பரிசோதித்தார்கள். எல்லாம் இயல்பாகவே இருந்தன.

ஆக, பரிசோதனை வேண்டாம் என்பதல்ல நான் சொல்வது. முடிந்தவர்கள் செய்யுங்கள். ஆனால், 'ரிப்போர்ட் நார்மல்' என்ற காகிதத்தை நம்பி, மைதானத்தில் ஒன்றுமே தயார் செய்யாமல் இருந்தால் அது போதாது. பரிசோதனையில் தப்பித்துப்போகும் இதயங்களுக்கு மிச்சமிருக்கும் ஒரே பாதுகாப்பு, பக்கத்தில் நிற்கிற மனிதர்கள்.

நம்ம ஊர் மைதானத்தில்?

2004 டிசம்பர் 5. பெங்களூரில் ஃபெடரேஷன் கோப்பை இறுதிப்போட்டி. டெம்போ அணிக்காக ஆடிய பிரேசில் வீரர் கிறிஸ்டியானோ ஜூனியர், கோல் அடித்த அதே கணத்தில் எதிரணி கோல்கீப்பருடன் மோதி விழுந்தார். எழவே இல்லை. மைதானத்தில் மருத்துவ ஏற்பாடு போதவில்லை என்று அன்று நாடே கொதித்தது.

2022 ஜூலை. பண்ருட்டி அருகே ஒரு கிராமத்தில் கபடிப் போட்டி. ரெய்டு போன இளம் வீரர் பிடிபட்டு, எழ முயன்று, அங்கேயே சரிந்தார். அந்தக் காட்சியும் செல்போனில் பதிவாகி ஊர் ஊராகச் சுற்றியது. பதிவு செய்ய ஆள் இருந்தது என்பது மட்டும் நமக்குத் தெரிகிறது.

யோசித்துப் பாருங்கள். உங்கள் பிள்ளையின் பள்ளியில் ஆண்டு விளையாட்டு விழா. 800 மீட்டர் ஓட்டம். கடைசிச் சுற்றில் ஒரு பையன் சுருண்டு விழுகிறான். என்ன நடக்கும்?

முதலில் கூட்டம் கூடும். 'தள்ளுங்க, காத்து வரட்டும்' என்று ஒருவர் கத்துவார். யாரோ முகத்தில் தண்ணீர் அடிப்பார்கள். கை கால் இழுக்கிறது என்றால், 'வலிப்பு வந்துடுச்சு, சாவி குடுங்க' என்று கையில் இரும்பைத் திணிப்பார்கள். 'காலையில சாப்பிட்டியாப்பா?' என்று கேட்பார்கள். பி.டி. சார் ஹெச்.எம்-மைத் தேடி ஓடுவார். ஹெச்.எம். மேடையில் சிறப்பு விருந்தினருக்குச் சால்வை போர்த்திக்கொண்டிருப்பார். எல்லோரும் அக்கறையோடுதான் செய்வார்கள். எல்லோரும் வேறு யாரோ ஒருவருடைய உத்தரவுக்காகத்தான் காத்திருப்பார்கள்.

யோக்யகர்த்தாவில் போனது 40 விநாடி. நம் மைதானத்தில் எத்தனை நிமிடம் போகும்?

இதயம் நின்றால் முதலுதவி இல்லாமல் கடக்கும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பில் 7 முதல் 10 சதவிகிதத்தைத் தின்றுவிடும். சில நிமிடங்களிலேயே மூளை பாதிக்கப்படத் தொடங்கும். 108 ஆம்புலன்ஸ் எவ்வளவு வேகமாக வந்தாலும், அது கிளம்பி வரவேண்டிய தூரம் ஒன்று இருக்கிறது. அந்தத் தூரத்தை நிரப்பவேண்டியது உங்கள் கைகள்.

தெரிந்துகொள்ள வேண்டியது கொஞ்சம்தான்

ஆடிக்கொண்டிருக்கும் பிள்ளை, யாரும் மோதாமல் திடீரென விழுந்து, கூப்பிட்டால் பதில் சொல்லவில்லை என்றால், வேறு எதுவென நிரூபணமாகும் வரை இதயம் நின்றதாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். இங்கே இரண்டு விஷயங்கள் நம்மை ஏமாற்றும். ஒன்று, துடிப்பு. இதயம் நின்றதும் மூளைக்கு ரத்தம் போகாமல் உடல் சில விநாடிகள் வெட்டி இழுக்கும். பார்க்க வலிப்பு மாதிரியே இருக்கும். இரண்டு, மூச்சு. விட்டு விட்டு, திணறித் திணறி, குறட்டைபோல ஒரு மூச்சு வரும். 'மூச்சு இருக்குப்பா' என்று நிம்மதியாகிவிடாதீர்கள். அது மூச்சு அல்ல, உயிர் போகிற போராட்டம்.

அப்போது செய்யவேண்டியவை:

ஒருவரைக் கைகாட்டி, '108-க்கு நீங்க போன் பண்ணுங்க' என்று சொல்லுங்கள். பொதுவாகக் கத்தினால் எல்லோரும் மற்றவர் செய்வார் என்று இருந்துவிடுவார்கள்.

மல்லாக்கப் படுக்கவைத்து, நெஞ்சின் நடுவில் ஒரு உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து, அதன் மேல் மறுகையை வைத்து, முழங்கை மடங்காமல் அழுத்துங்கள். பெரிய பிள்ளைகளுக்கு ஐந்து, ஆறு சென்டிமீட்டர் ஆழம். நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. ஒவ்வொரு அழுத்தத்துக்குப் பிறகும் நெஞ்சு முழுதாக மேலே எழும்ப விடுங்கள். இதுதான் சிபிஆர். கை ஓய்ந்தால் ஆள் மாறுங்கள், அழுத்துவதை நிறுத்தாதீர்கள்.

ஏஇடி என்ற கருவி பக்கத்தில் இருந்தால் உடனே கொண்டுவரச் சொல்லுங்கள். எரிக்சனின் இதயத்தைத் திரும்ப இயக்கியது அந்த வகைக் கருவிதான். ஸ்விட்ச் போட்டால் அதுவே குரலில் வழி சொல்லும். தேவையில்லாத இடத்தில் அது மின் அதிர்ச்சி கொடுக்காது. பயம் வேண்டாம்.

'தப்பா அழுத்திட்டா விலா எலும்பு முறிஞ்சிடுமே?' முறியலாம். எலும்பு கூடிவிடும்.

இதற்கு முன்னால் கவனிக்க வேண்டியதும் உண்டு. ஓடும்போதோ ஆடும்போதோ பிள்ளை மயங்கி விழுந்தால், நெஞ்சு வலிக்கிறது என்றால், காரணமில்லாமல் படபடப்பு என்றால், 'வெயில்ல நின்னிருப்பான்', 'சாப்பிடாம போயிருப்பா' என்று நாமே தீர்ப்பு எழுதிவிடக் கூடாது. இதய மருத்துவரைப் பார்க்க வேண்டும். குடும்பத்தில் யாராவது இளம் வயதில் திடீரென இறந்திருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். நம் வீடுகளில் 'சித்தப்பா தூக்கத்துலயே போய்ட்டார்' என்பது ஒரு சோகக் கதையாக மட்டும் சொல்லப்படுகிறது. அது ஒரு மருத்துவக் குறிப்பும்கூட. காய்ச்சல் இருக்கும்போது 'மேட்ச் இருக்கு' என்று மாத்திரை கொடுத்து ஆட அனுப்பாதீர்கள்.

ஜாங்குக்கு நாம் செய்யக்கூடியது

அடுத்த முறை பிள்ளையின் பள்ளியிலோ, கோச்சிங் சென்டரிலோ ஃபீஸ் கட்டப் போகும்போது, மூன்று கேள்விகள் கேளுங்கள். இங்கே சிபிஆர் தெரிந்தவர் யார்? ஏஇடி இருக்கிறதா, இல்லை என்றால் மிக அருகில் எங்கே இருக்கிறது? ஒரு பிள்ளை விழுந்தால், முதலில் ஓட வேண்டியவர் யார் என்று பேசிவைத்திருக்கிறீர்களா?

மூன்றாவது கேள்விக்குக் காசு செலவில்லை. ஒரு பி.டி. சார், பிள்ளைகளை உட்காரவைத்து, 'யாராவது சுருண்டு விழுந்தா, என்னைக் கேட்காதீங்க, விசிலுக்குக் காத்திருக்காதீங்க, ஓடுங்க' என்று ஒரே ஒருமுறை சொன்னால் போதும். நம் பிள்ளைகளுக்கு 'மே ஐ கம் இன் சார்' சொல்லிக்கொடுத்திருக்கிறோம். எப்போது அதைக் கேட்கத் தேவையில்லை என்பதையும் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

ஜாங் ஜிஜேயை நமக்குத் தெரியாது. அவர் பேசிய மொழி தெரியாது. அவர் இன்னும் இரண்டு மூன்று வருடத்தில் டிவியில் நம் வீரர்களைத் தோற்கடித்து, நாம் வயிறெரியப் பார்த்திருக்கவேண்டிய பையன். அப்படி எரிச்சலாக அவர் பெயரைச் சொல்லும் வாய்ப்பு நமக்குக் கிடைக்கவில்லை.

இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் தெரு ஷட்டில் கோர்ட்டில் ஆட்டம் முடிந்ததும், பத்து நிமிடம் இருங்கள். ஒரு தலையணையைத் தரையில் போட்டு, பிள்ளைகளை அழுத்திப் பழகச் சொல்லுங்கள். சிரிப்பார்கள். சிரிக்கட்டும். கைக்குப் பழக்கம் வந்துவிட்டால் போதும்.